டேங்கின் கீழ் ஒரு மரக்கட்டை

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

மழை. நூலகத்திலிருந்து ஃப்ளாட்டுக்கு வருவதற்குள் ஷூ ஊறிவிட்டது.

எண்ணூறு மணி நேர அறிக்கையை ஒருவழியாகக் கொடுத்தாயிற்று. பொறியியல் பட்டம் வேண்டுமானால் எண்ணூறு மணி நேரம் எங்கேயாவது நிஜமான வேலை பார்த்து, பார்த்ததை எழுதித் தரவேண்டும். என்னுடைய எண்ணூறும் இரண்டு கோடை விடுமுறையில், ஹென்டர்சனில், கெல்வின் அங்கிளின் பட்டறையில் கழிந்தது. பால் பண்ணைகளுக்கு ஸ்டீல் டேங்க் செய்கிறார்கள். அங்கிள் மன்னார்க்காரர். அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க பிள்ளை சைன் வைக்கிறது?" என்றார், வைத்தார்.

பார்த்திருந்தால் ஏழாம் பக்கத்தில் நின்றிருப்பார்.

டேங்க் முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, பிரஷர் கொடுத்து, ஒழுகுகிறதா என்று சோதிப்பார்கள். மூடியின் கீழே காற்று மாட்டிக்கொண்டால் பிரஷர் முள் ஓரிடத்தில் நிற்காது. ஒவ்வொரு டேங்குக்கும் முக்கால் மணி நேரம் எல்லாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒருநாள், பட்டறையில் வேலை செய்யும் தர்சிகா அக்கா டேங்கின் ஒரு காலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையைச் செருகினார். டேங்க் கொஞ்சம் சாய்ந்தது. காற்றெல்லாம் மேல் மூலையில் இருந்த துளைக்கு வந்து வெளியே போய்விட்டது. பத்து நிமிடத்தில் சோதனை முடிந்தது. இரண்டு வருடமாக அங்கே அப்படித்தான் செய்கிறார்கள்.

அதில் என் பங்கு, கட்டையை எடுத்துக் கொடுத்தது. அதுவும் அவர் கேட்ட பிறகு.

முதல் வரைவில் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தேன். மாணவர்களுக்கு வேலை ஆலோசனை சொல்லும் அம்மையார் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால், "இதில் நீ செய்தது என்ன?" என்று எழுதித் தந்தார். நல்ல கேள்வி. பதில் இல்லாததால் அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, நான் செய்ததாக மாற்றினேன்.

ஒரு கட்டைதானே.

21 ஆகஸ்ட், வியாழன்

எல்லர்ஸ்லியில் நேர்காணல். உணவுத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வடிவமைக்கும் கம்பெனி. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்களாகத் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். நான்கு வருடத்தில் எவ்வளவோ படித்தேன், வாயைத் திறந்ததும் கட்டைதான் வந்தது.

கண்ணாடி போட்டவர் கேட்டார், கட்டை எவ்வளவு உயரம் என்று. மூன்று சென்டிமீட்டர் என்றேன். ஏன் மூன்று? சோதித்துப் பார்த்து முடிவு செய்தோம் என்றேன். எழுதிக்கொண்டார். எனக்கு உயரமும் தெரியாது, ஏன் என்றும் தெரியாது.

9 செப்டம்பர், செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது!

அம்மா எங்கள் ஊர் சுங்கைப்பட்டாணியில் அப்போதுதான் எழுந்திருந்தார். வழக்கம்போல, "பசியாறிட்டியாம்மா?" என்றார். இங்கே மத்தியானம் அம்மா என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். "அப்பா ஸ்கூல் பஸ் எடுத்துட்டுப் போயிட்டாரு, வந்ததும் நீயே சொல்லு, நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றார். பத்து நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தப்பா வாழ்த்து அனுப்புகிறார். மே மாதப் பட்டமளிப்புக்கு எந்தச் சேலை கட்டுவது என்றுகூட அம்மா முடிவு செய்துவிட்டார்.

சந்தோஷம்தான். ஆனால் நாள் முழுக்க எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

13 செப்டம்பர், சனி

கேக் வாங்கிக்கொண்டு ஹென்டர்சன் போனேன். ரயில் இல்லை, பதிலுக்கு பஸ். ஒன்றரை மணி நேரம்.

தர்சிகா அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிளவுஸ் எல்லாம் கிரீஸ். "நீ எங்களோட நிண்டு கஷ்டப்பட்டதுக்குக் கடவுள் கண் திறந்திட்டார்" என்றார். அவர் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளமோ முடித்தவர். ஒன்பது வருடமாகக் கெல்வின் அங்கிளிடம் கான்கிரீட் தரையில் நிற்கிறார். இடது முழங்கால் போய்விட்டது. டாக்டர் உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.

எனக்கு வேலை கொடுத்த எல்லர்ஸ்லி கம்பெனியிலேயே வரைபடம் போட டெக்னீஷியன் தேடுகிறார்கள். விளம்பரத்தின் இணைப்பை அங்கேயே அவருக்கு அனுப்பினேன். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு திரும்பினேன். உண்மையைச் சொன்னால், ஏழாம் பக்கத்துக்கு ஈடு கட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

2 அக்டோபர், வியாழன்

அக்காவுக்கு நாளை நேர்காணல். என் கறுப்புக் கோட்டைக் கேட்டிருந்தார். வேலை முடிந்து பிரிட்டோமார்ட் ரயில் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொண்டார். தோள் கொஞ்சம் இறுக்கம், ஆனால் எடுப்பாக இருந்தது.

"எனக்கு என்னத்தைக் கதைக்கிறதெண்டே தெரியேல்ல" என்றார். நான் பெரிய மனுஷி மாதிரி, "நீங்களே யோசிச்சு செஞ்சதச் சொல்லுங்க அக்கா. அடக்கமா இருக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ரயில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. அவர் எதைச் சொல்வார்?

சொல்ல மாட்டார். அதை அவர் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. சொல்ல மாட்டார்.

7 அக்டோபர், செவ்வாய்

சொல்லிவிட்டார்.

இன்று காலை வந்த செய்தியை அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் நான் மாற்றிச் சொல்லக்கூடாது என்று. "சிவானி, எனக்கு அந்த வேலை சரிவராது போல. கட்டை வைச்ச கதையைச் சொன்னன். இதை வேற ஒரு மாணவி தான் செய்ததெண்டு ஏற்கனவே சொல்லிட்டாவாம். நீங்கள் எங்க வாசிச்சனீங்கள் எண்டு கேட்டினம். நான் களவெடுத்த மாதிரி என்னைப் பாத்தவை. உனக்கு ஆரெண்டு ஏதும் தெரியுமோ?"

பார்த்ததும் திறந்துவிட்டேன். அங்கே நீல டிக் விழுந்திருக்கும். இனிப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. ஏழு நிமிடம் போனையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரியாது அக்கா" என்று எழுதினேன்.

என்னடி சிவானி செஞ்சு வச்சிருக்க. அவங்களுக்கு யார் மேலயும் சந்தேகமே வரல. உன் மேல வரவே வராதுன்னுதான உன்கிட்டயே கேக்குறாங்க?

8 அக்டோபர், புதன்

"பரவாயில்லை, நீ படி, சோதினை வருது" என்று பதில் போட்டிருக்கிறார்.

12 அக்டோபர், ஞாயிறு

கம்பெனிக்கு எழுதலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். பரீட்சை முடியட்டும்.

16 அக்டோபர், வியாழன்

இன்றும் எழுதவில்லை.

24 அக்டோபர், வெள்ளி

என் ஃப்ளாட்மேட் மஹதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர்க்காரி, எதையும் சுற்றி வளைக்கமாட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "உனக்கு வேலை போயிடும்னு பயமா, இல்ல அந்த அக்கா மூஞ்சியப் பாக்கணும்னு பயமா?" என்றாள்.

இரண்டும் என்றேன்.

"அப்போ முதல்ல அவங்ககிட்ட போ. கம்பெனி எங்கயும் ஓடிப்போகாது."

சரிதான். ஆனால் எனக்கு எது எளிதோ அதைத்தான் முதலில் செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியும்.

28 அக்டோபர், செவ்வாய்

நீண்ட வார இறுதி முழுக்க எழுதி, இன்று காலை அனுப்பினேன். அந்த யோசனை என்னுடையதல்ல, தர்சிகாவுடையது, நேர்காணலில் உண்மையைச் சொன்னவர் அவர்தான், பொய் சொன்னவள் நான். ஏழே வரி. பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன்.

வேலை போய்விட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அம்மாவுக்கே ஆறுதல் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

30 அக்டோபர், வியாழன்

வேலை போகவில்லை.

கம்பெனியிலிருந்து போனில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்காரர்தான் பேசினார். இப்படி வந்து சொல்கிறவர்கள் குறைவு, உங்கள் நேர்மையை மதிக்கிறோம், உங்கள் இடம் உங்களுக்கே என்றார். தர்சிகாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுவார்களாம். அந்த டெக்னீஷியன் வேலை? அது போன வாரமே நிரம்பிவிட்டது. ஒரு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் அவரைத் திரும்ப அழைத்திருப்போம் என்றார்.

ஒரு வாரம். பன்னிரண்டாம் தேதி எழுதினதைப் புரட்டிப் பார்த்தேன். பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறது.

பல்கலைக்கழகமும் நல்ல மனதோடு பதில் போட்டிருக்கிறது. ஏழாம் பக்கத்தைத் திருத்தி, பட்டறையில் மறுபடி கையெழுத்து வாங்கித் தந்தால் போதுமாம். ஊரெல்லாம் என்னை மன்னிக்கத் தயாராக இருக்கிறது. திட்டியிருந்தால் தேவலை.

1 நவம்பர், சனி

ஹென்டர்சன்.

கம்பெனியின் மின்னஞ்சல் அக்காவுக்கு நேற்றே வந்துவிட்டது. நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மஹதி சொன்ன வரிசையில் போயிருந்தால் என் வாயிலிருந்து கேட்டிருப்பார். அதையும் கெடுத்தேன்.

மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன்.

அவர் கிளவுஸைக் கழற்றிவிட்டுத் திருத்திய பக்கத்தை வாங்கி, நின்றபடியே முழுதும் வாசித்தார். எடையை வலது காலில் போட்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து ஒரு எண்ணை அடித்து, மேலே வேறு எண்ணை எழுதினார்.

"மூண்டு இல்ல, நாலரை. மூண்டெண்டால் காத்து அரைவாசியில நிண்டிடும். நான் நாலு கட்டை வைச்சுப் பாத்தனான்."

நாலு கட்டை வைத்துப் பார்த்தது எனக்குத் தெரியாது. இரண்டு கோடை அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒருநாளும் கேட்கவில்லை.

"கட்டைக்கு நான் கோவிக்கேல்ல" என்றார். "உங்களிட்ட நான் கேட்டனான். தெரியாது எண்டு சொன்னனீங்கள்."

எப்போதும் நீ என்றுதான் கூப்பிடுவார்.

கெல்வின் அங்கிள் இந்த முறை ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நான் கிளம்பும்போது அக்கா அலமாரியிலிருந்து என் கோட்டை எடுத்துத் தந்தார். லாண்டரியில் கொடுத்து, பிளாஸ்டிக் உறையோடு. வரும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

19 நவம்பர், புதன்

எல்லாத் தேர்விலும் பாஸ். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தாராம். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மே மாதம் வரும்போது நேரில் சொல்ல வேண்டும். பரீட்சை முடியட்டும் என்ற மாதிரி இதையும் எழுதி வைக்கிறேனோ?

இல்லை. இன்று மாலையே கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாம் கேட்டபின் அம்மா, "அந்தப் பொண்ணு கால் வலி எப்படி இருக்காம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

1 டிசம்பர், திங்கள்

எல்லர்ஸ்லியில் முதல் நாள். மேஜை ஜன்னல் பக்கம். நாற்காலியை உயர்த்தலாம், இறக்கலாம், முதுகுக்கு மெத்தை.

கண்ணாடிக்காரர் என்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். கெட்டிக்காரர், அதைவிட முக்கியம் நேர்மையானவர் என்றார். கைதட்டினார்கள். எழுந்து நின்று சிரித்தேன். வேறென்ன செய்வது?

எதிர் மேஜையில் புது டெக்னீஷியன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், காபி இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டித் தந்தார். உட்கார்ந்தே வேலை செய்கிறார்.

மத்தியானம் அக்காவுக்கு ஒரு செய்தி எழுதினேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது, போய்ச் சேரவில்லை. நவம்பரில் அனுப்பிய மூன்றுக்கும் அப்படியே. முதல் வாரம், அவர் போன் பழுதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.