வாசலோரக் கட்டில்

இன்று காலை வாசலோரக் கட்டிலின் சிவப்பு ரப்பர் ஷீட்டைக் கழுவித் துடைத்து, பவுடர் தூவி மடித்துக்கொண்டிருந்தேன். ரப்பரும் பவுடரும் கலந்த அந்த வாசனைக்கு நீ பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருக்கும். இன்று வந்து நின்றது நம் ஆஸ்பத்திரியின் புதிய அதிகாரி. "இத்தனை பேர் தரையில கிடக்கும்போது இந்தக் கட்டில் ஏம்மா காலியா இருக்கு?" என்றார். நாளைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். விளக்கம் சரியில்லை என்றால் ஆளைப் படுக்கவைத்துவிட வேண்டுமாம். அவருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா உன் பக்கம் திரும்பிவிட்டது.

அவர் கேட்டதில் தப்பில்லை. இதையேதான் நானும் உன்னிடம் கேட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்தோம். கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டில்களுக்கு நடுவே பாயில் ஒருவர், நடையில் ஸ்ட்ரெச்சரிலேயே ஒருவர். குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவோம். ஒருநாள் லாரியில் அடிபட்டு வந்தவரைக் கிடத்த இடம் தேடி ஓடினோம். நீ யாரையோ கெஞ்சி இறக்கிவிட்டு அவரை ஏற்றுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து வாசலோரக் கட்டிலை நீ யாருக்கும் தரவில்லை. உயிருக்குப் போராடி வருபவரை அதில் ஏற்றி, ரத்தத்தை நிறுத்தி, மூச்சைச் சீராக்கியதும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி காலி செய்துவிடுவாய்.

ஒரு நோயாளிக்கு ஊரே கூட வரும். நெருக்கியடித்தால் "ரத்தம் குடுக்க யாரு வாரீக?" என்று உரக்கக் கேட்பாய். பாதிப்பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். "எந்த மந்திரிக்கு இந்தக் கட்டில வச்சிருக்கீக?" என்று சண்டைக்கு வந்தவரிடம், "பேரு தெரியாதுண்ணே. ஆனா வந்துக்கிட்டு இருக்காரு" என்றாய். நெசவுத் தெருவில் அடக்கமாக வளர்ந்த எனக்கு உன் வாயைக் கண்டு பயம். கொஞ்சம் பொறாமையும்தான்.

மேலூர்ப் பக்கமிருந்து உன் அப்பாவை மூச்சிரைப்போடு கூட்டிவந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? அடுத்தவர் வயலிலேயே குனிந்து முதுகு வளைந்த மனிதர். ஊசி போட்டு இரைப்பு தணிந்ததும் பாயை விரித்து அவரைத் தரையில் படுக்கவைத்தாய். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏன்டி, ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? பெத்த அப்பன்டி!" என்று கத்தினேன்.

"அப்பாவுக்குத் தணிஞ்சிருச்சு. தணியாத ஆளு வந்துக்கிட்டு இருக்கு" என்றாய்.

ஒரு மணி நேரத்தில் கல்குவாரியில் தொடை நசுங்கிய ஒருவரை வேனில் கொண்டுவந்தார்கள். நேராக அந்தக் கட்டிலுக்குப் போனார், பிழைத்தார். பாயில் கிடந்த உன் அப்பா, "நல்லவேளை தாயி, நான் அதுல ஏறிப் படுக்கல" என்றார். நீ ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதாய். அன்றோடு உன்னிடம் வாதாடுவதை விட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுப்பு. காய்ச்சலில் துவண்ட மகளுக்காக ஒரு தாய் அந்தக் கட்டிலைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், நீங்களும் பிள்ள பெத்தவுகதான" என்றாள். விரிக்கலாம் என்று ஷீட்டைத் தொட்டுவிட்டேன். உன் முகம் வந்து நின்றது. அந்தப் பிள்ளைக்குப் பாயின்மேல் என் போர்வையை விரித்துக் கொடுத்தேன். அவள் தாய் என்னைச் சபித்தாள்.

கொஞ்ச நேரத்தில் திருப்பரங்குன்றத்திலிருந்து உன்னை ஆட்டோவில் தூக்கி வந்தார் உன் வீட்டுக்காரர். நெஞ்சுவலி. உடம்பெல்லாம் வேர்வை. உன்னைக் கிடத்தியது எந்தக் கட்டிலில் என்று தெரிந்ததும் சிரிக்கப் பார்த்தாய். "பரவாயில்லையே, காலியாத்தான் வச்சிருக்க" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. உனக்கு இடம் தேடி யாரும் ஓடவில்லை, ஒரு நொடி வீணாகவில்லை. எல்லாம் செய்தும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் போகவில்லை.

உன்னை எடுத்துச் சென்ற கையோடு, டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்து, பாம்புக்கடி என்று வாசலில் கூச்சல். ஷீட்டைத் துடைக்க ஆயா வந்தாள். அவளை விலக்கிவிட்டு நானே துடைத்தேன். கண்ணீர் அதன்மேலேயே விழுந்தது. அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டு அந்தப் பெண்ணை ஏற்றினேன். சில நாளில் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

இப்போது கூட்டம் இன்னும் அதிகம். கூடுதல் கட்டில் கேட்டு நான் எழுதிய பழைய கடிதங்களின் நகல்களையும் அதிகாரிக்கு இணைக்கிறேன். தரையில் கிடப்பவர்களுக்குக் கட்டில் வாங்கித் தரட்டும். வாசலோரக் கட்டிலை மட்டும் தர மாட்டேன். அதற்காக என்னை மாற்றுவதென்றால் மாற்றட்டும்.

விளக்கத்தைப் பலமுறை அடித்து எழுதினேன். உன் வார்த்தையைவிடச் சரியாக எதுவும் வரவில்லை. "ஐயா, அந்தக் கட்டில் காலியாக இல்லை. ஆள் வந்துகொண்டிருக்கிறார். பெயர் தெரியாது." கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஒருமுறை அந்தப் பெயர் உன்னுடையதாக இருந்ததை மட்டும் அதில் எழுதவில்லை.