மூன்று மடங்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-3-1934

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோலாலம்பூரில் குற்றங்கள் நம் ஊரைவிட மூன்று மடங்கு என்ற பத்திரிகைச் செய்தியை வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். தனியாக இருக்க வேண்டாம், மாப்பிள்ளையிடமே திரும்பி வா என்கிறீர்கள்.

இங்கே போலீஸ் ஸ்டேஷனில் கிளார்க்காக இருக்கும் ஸ்டானிஸ்லாஸிடம் அதைக் காட்டினேன்.

“டீச்சரம்மா, இங்கே கோழி காணாமப் போனாலும் எழுதியாகணும். உங்க ஊர்ல எப்படி?” என்று சிரித்தார்.

ஒடிந்த கையோடு நம் ஊர் ஸ்டேஷனுக்குப் போனேனே, அன்று ஏட்டையா, “புருஷன் அடிச்சதையெல்லாம் எழுதினா நோட்டு பத்தாதும்மா” என்று பேனாவை மூடிவிட்டார். நீங்கள்தான் என்னை மறுபடி உங்கள் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள். அந்த ஆண்டு நம் ஊர்க் கணக்கில் ஒரு குற்றம் குறைவு.

எனக்குப் பள்ளிக்கூட வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் வரவில்லை. இந்த விலாசத்தை அவரிடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் தங்கை