உள்ளே பார்க்கும் கேமரா

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முருகவேல் இன்று காரில் கேமரா மாட்டிவிட்டான். பள்ளிக்கூடத்தில் என் கணக்கைப் பார்த்து எழுதியவன், இன்றைக்கு வேங்கிக்காலில் கார் சாமான் கடை முதலாளி. பெட்டி உள்ளங்கை அளவுதான். நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறான். அதில் இரண்டு கேமரா. ஒன்று ரோட்டைப் பார்க்கும், இன்னொன்று திரும்பி எங்களைப் பார்க்கும்.

“நீ மெட்ராசு, பாண்டி, பெங்களூருனு ஜாஸ்தி ஓட்டுறவன் அறிவு. ஒரு மாசம் வச்சிரு. வெயில் தாங்குதா, கழண்டு விழுதா, முன்னாடி போற வண்டி நம்பர் தெரியுதா, எல்லாம் எழுதி வை. சரியா இருந்தாதான் கடையில எறக்குவேன்” என்றான்.

எழுதுவது எனக்குப் பழக்கம்தானே. இருபத்திரண்டு வருஷமாக வாடகைக் கார். யார் மேலும் இடித்ததில்லை. என் ஓட்டத்துக்குக் கேமரா எதற்கு என்று தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பெங்களூரு போய் வந்தேன். நம்பர் பலகை மூன்று வண்டி தூரம் வரை தெளிவு. எதிர்வெயிலில் படம் வெளுத்துப் போகிறது. உள் கேமராவில் என் மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். ஊருக்குள் வண்டி எடுக்க வழியில்லை. கார் நாள் முழுக்க வெயிலில் நின்றது. பசை விடவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயங்காலம் வீட்டுக்காரி தனத்தைக் காரில் சந்தைக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் உள் கேமரா மேல் கர்சீப்பைப் போட்டு மூடினாள்.

“ரோட்டை எடுத்தா சரி. நம்மள எதுக்கு படம் புடிக்குது?”

அங்கன்வாடியில் நாற்பது குழந்தைகளை அதட்டுகிறவளுக்குக் கேமராவைக் கண்டால் வெட்கம். சிரித்தேன்.

நாளை லீவு. மகள் கவிநிலா இன்று ஹாஸ்டலிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நானே பாண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். பஸ்ஸிலேயே போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். விடுவேனா!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கவிநிலாவை ஹாஸ்டலில் விட்டு வந்தேன். பேசிக்கொண்டே போனதில் தூரம் தெரியவில்லை. கணக்குப் பாடத்தில் ஏதோ ஒன்றை எனக்குப் புரியவைக்கப் பார்த்தாள். எப்போதும் போல முன் சீட்டில்தான் உட்காருவாள். பின்னால் போய்த் தூங்கு என்றாலும் கேட்கமாட்டாள்.

கேமரா சரியாக வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் கீதாஞ்சலியை, தாம்பரத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கைக்குழந்தை, நாலு மாசம். “அறிவண்ணன் வண்டின்னாதான் எங்க அம்மா கொழந்தையோட ஏறி வரச் சொல்லுவாங்க” என்றாள். குழந்தை வழி முழுக்கத் தூங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுத்து கோணலா வருது. எழுதாம இருக்கவும் முடியல.

கடையின் விளம்பரத்துக்கு நல்ல துண்டாக இரண்டு எடுத்து அனுப்பு என்று முருகவேல் காலையில் கேட்டிருந்தான். செங்கம் ரோட்டில் புளியமரத்தடியில் காரை நிறுத்தி, போனில் பார்த்தேன். வண்டி குலுங்கினால் அந்தத் துண்டை மட்டும் அழியாமல் தனியாகப் பூட்டி வைக்கும் கேமரா அது. பூட்டிய துண்டு ஒன்று இருந்தது. பதினேழாம் தேதி, மாலை நாலு பன்னிரண்டு. செஞ்சி தாண்டி. ஏதோ பள்ளத்தில் விட்டிருப்பேன் என்று நினைத்துத் திறந்தேன்.

கவிநிலா பேசுகிறாள். நான் “ம்... ம்...” என்கிறேன். பிறகு “ம்” வரவில்லை.

கண் திறந்திருக்கிறது. என் கண்தான். ஆனால் அதில் நான் இல்லை. வாய் எதையோ மெல்லுகிற மாதிரி அசைகிறது. இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கிச் சட்டைப் பொத்தானைத் தடவுகிறது. தடவிக்கொண்டே இருக்கிறது. முன் கேமராவில் ரோட்டின் வெள்ளைக்கோடு மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்கிறது. இடது சக்கரம் மண்ணில் இறங்கிக் குலுங்குகிறது.

என் மகள் கத்தவில்லை.

வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள். வண்டியைத் திரும்பத் தாருக்கு ஏற்றுகிறாள். “அப்பா... ஒண்ணுமில்லப்பா... காலை எடுப்பா... ஒண்ணுமில்ல...” என்று, அழுகிற பிள்ளையைச் சமாதானம் பண்ணுகிற குரலில் சொல்கிறாள். ரோட்டைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், ரோட்டைப் பார்க்கிறாள். எதிரே ஒரு பஸ் வந்து கடந்து போகிறது. பிடித்த கை ஆடவே இல்லை.

முப்பத்தொரு நொடி.

பிறகு நான் கண் சிமிட்டுகிறேன். “எங்க வந்துருக்கோம்?” என்று கேட்கிறேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். “தீவனூர் வரப்போவுதுப்பா. தண்ணி குடிக்கிறியா?”

எனக்கு இதில் ஒன்றுமே ஞாபகம் இல்லை. ஒன்றுமே. அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று மேலே பார்த்தேன். கேமரா சரியாக வேலை செய்கிறதாம்.

அது முதல் தடவை இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த அவள் கை பழகின கை. அதுதான் என்னை அடித்துப்போட்டது.

நேற்றைய படத்தையும் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். இருக்கிறது. மதுராந்தகத்துக்கு முன்னால், நாலுவழிச் சாலையில், பத்தொன்பது நொடி. பக்கத்தில் யாரும் இல்லை. பிடிக்க ஒரு கை இல்லை. ரோடு நேராக இருந்தது, அவ்வளவுதான். முன்னால் போன லாரி பெரிதாகிக்கொண்டே வந்து, தானாக வேறு தடத்துக்குப் போயிற்று. பின் சீட்டில் கீதாஞ்சலி குழந்தையை மார்போடு அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.



கார்டு நிறைந்தால் பழைய படத்தின் மேல் புதுப் படம் ஏறிவிடும். சனிக்கிழமைக்கு முந்தினது எதுவும் இல்லை. பெங்களூரு போன அன்றைக்கு என்ன நடந்தது? அதற்கு முன்னால்? கேமராவே இல்லாத நாளெல்லாம்?

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அதே நாள், மதியம்

கவிநிலாவுக்குப் போன் செய்தேன். படத்தைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

“எவ்ளோ நாளா?”

“போன தீபாவளிலேருந்துப்பா. மொத மொத ரெண்டு செகண்டு, மூணு செகண்டுதான்.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னேன்ல. பொங்கலுக்கு சொன்னேன். ‘என்னைப் பார்த்தா வண்டியில தூங்குறவன் மாதிரி இருக்கா, நாளைக்கு ஊரு பூரா சொல்லு, நானும் சோத்துக்கு இல்லாம நிக்கிறேன்’னு கத்துன. ரெண்டு நாள் எங்கிட்ட பேசலப்பா நீ.”

ஆமாம். கத்தினேன். ஞாபகம் இருக்கிறது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“அதான் முன்னாடி ஒக்காருவேன். ஜூன்ல இங்க டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தேன். அம்மாதான் சேரச் சொன்னாங்க.”

அம்மாவா?

ஆகஸ்ட் 20, புதன்

தனத்துக்கும் தெரியும். சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி நான் உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததை மூன்று தடவை பார்த்திருக்கிறாள். கர்சீப் போட்டது வெட்கத்தால் அல்ல.

“தெரிஞ்சே என்னை வண்டிக்கு அனுப்புனியா?” என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

“யோசனையில இருக்காருன்னு நெனச்சேன். அப்புறம் அதுவா இருக்குமோனு பயம். வலிப்புனு பேரு வந்துட்டா... வயசுக்கு வந்த பொண்ணு இருக்கா. எந்த வூட்ல எடுப்பாங்க? தினம் நீ கதவைத் தொறந்து உள்ள வர்ற வரைக்கும் எனக்கு உசிரு இல்ல. யாருகிட்டயும் சொல்லாத. அந்தப் படத்தை அழிச்சிரு.”

அழிக்கிற பொத்தான் மேல் விரலை வைத்தேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்? வைத்தேன். இரண்டு தடவை. அழித்துவிட்டால் நாளைக்கு வழக்கம்போல வண்டி எடுக்கலாம். என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

குழந்தையின் தலை நினைவுக்கு வந்தது. கீதாஞ்சலி தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிய தலை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றைக்கு விமான நிலையச் சவாரி இருந்தது. எனக்கு முடியாத நாளில் வண்டி எடுக்கும் ஆதவனை அனுப்பினேன். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். உண்மை இன்னும் வாயில் வரவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலூர். பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் தனம், நடுவில் நான், இந்தப் பக்கம் கவிநிலா. விழுந்துவிடுவேன் என்றா நினைத்தார்கள்!

நரம்பு டாக்டர் ஒரு அம்மா. என்ன பண்ணுது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, இதைப் பாருங்க என்று போனைக் கொடுத்தேன். நாலு தடவை பார்த்தார். பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“இது தூக்கமும் இல்ல, யோசனையும் இல்ல. வலிப்புல இது ஒரு வகை. கை கால் இழுக்காது, அதனால யாருக்கும் தெரியாது. வர்றவங்களுக்கே தெரியாது.”

ஸ்கேனில் மூளையின் ஒரு ஓரம் சின்னத் தழும்பு. எப்போது வந்ததோ. மாத்திரையில் அடங்கிவிட நல்ல வாய்ப்பு உண்டாம்.

“அடங்கினா ஓட்டலாங்களா?”

அவர் என்னைப் பார்க்காமல் கவிநிலாவைப் பார்த்தார். “ஸ்டியரிங் புடிச்சது இந்தப் பொண்ணா?” என்றார். அவள் தலையாட்டினாள். “ஆளுங்கள ஏத்திட்டு ஓட்டுற வேலை இனிமே வேணாங்க. அதை விட்டுடுங்க.”

இருபத்திரண்டு வருஷம். ஒரு வரியில் முடிந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். தனம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 3, புதன்

மாத்திரை தலையைச் சுற்றவைக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

முருகவேல் கடைக்குப் போனேன். தனம் வேண்டாம் என்றாள், போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவனிடம் படத்தைக் காட்டினேன். பார்த்து முடித்ததும் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே நின்றான்.

“மே மாசம் எங்க அம்மாவை ஆபரேஷனுக்கு நீதானடா கூட்டிட்டுப் போன.”

“ஆமாம்.”

“வர்ற வழியில ஒரு எடத்துல பதிலே சொல்லாம ஓட்டுன. நீ ஏதோ கோவமா இருக்கியோனு நெனச்சேன்.”

கிளம்பும்போதுதான் கேட்டான்: “கடைக்கு வர்றியா? வண்டியைப் பத்தி உனக்குத் தெரிஞ்சது இங்க ஒருத்தனுக்கும் தெரியாது.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

கடைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வாரம். காரை ஆதவன் ஓட்டுகிறான். ஆகஸ்டுக்குப் பிறகு வலிப்பு ஒரு தடவையும் வரவில்லை என்கிறாள் தனம். நான் சாப்பிடும்போது என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று கீதாஞ்சலி போன் செய்தாள். அடுத்த வாரம் தாம்பரம் போக வேண்டுமாம். ஆதவன் வருவான் என்றேன். “நீங்க வந்தாதாண்ணா எனக்கு தைரியம்” என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? சொல்லிவிட்டேன். பத்தொன்பது நொடியையும் சொன்னேன், லாரியையும் சொன்னேன். எதிர்ப்பக்கம் குழந்தை ஏதோ சத்தம் போட்டு விளையாடியது. பிறகு போன் நின்றுவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 11, சனி

கீதாஞ்சலி ஆதவன் வண்டியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ரயிலில் போகிறாளாம்.

நவம்பர் 22, சனி

வேலூரில் மறுபடி காட்டும் நாள். கவிநிலாவுக்கு லைசென்ஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் ஓட்டுறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டாள். தனம் பின்னால் ஏறினாள். நான் இடதுபக்கக் கதவைத் திறக்கத் தெரியாதவன் மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன்.

நன்றாகத்தான் ஓட்டுகிறாள். கியர் மாற்றும்போது கொஞ்சம் அவசரம், வளைவில் கொஞ்சம் தயக்கம். ஆனாலும் ஒவ்வொரு பஸ்ஸும் எதிரே வரும்போது என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. போளூர் வரைக்கும் மிதித்துக்கொண்டே போனேன். எந்தச் சத்தமும் வராமல்தான் மிதித்தேன் என்று நினைத்தேன்.

“அப்பா.”

“ம்.”

“காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கோ. சப்பணம் போட்டு ஒக்காரு.”

பின்னால் தனம் சிரித்தாள். எத்தனை மாசமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு.

செருப்பைக் கழற்றிவிட்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.