சட்டைக் கை நின்ற இடம்

அண்ணாச்சி,

இன்று காலை ஊசிக்கு வந்த ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நின்றார். சுருட்டல் பாதிக் கையோடு இறுகி நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் உங்கள் கை நினைவுக்கு வந்தது. நீங்கள் தவறிவிட்டதாகத் தகவல் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

தொண்ணூறுகளில் விக்கிரமசிங்கபுரத்தில் நான் நர்சாக இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு, மில் ஷிப்ட் விட்டதும் சைக்கிளில் கூட்டமாக வருவீர்கள். முதுகுவலியோ காய்ச்சலோ, ஊசி போட்டால்தான் திருப்தி. இடுப்பில் என்றால் வெட்கம்; சட்டையைக் கழற்றவும் சோம்பல். "கழத்திப் போட்டு என்னத்துக்கு? இங்கனயே குத்துங்க நர்சம்மா" என்றீர்கள் ஒருநாள். உங்களுக்குப் பின்னால் நீள வரிசை. சட்டைக் கை எங்கே நின்றதோ அங்கேயே, சற்றுப் பின்பக்கமாகக் குத்தினேன். விரல் நுனிவரை தீப் பாய்ந்ததுபோல் துடித்தீர்கள்.

கையை நீட்டும் தசைகளுக்கான நரம்பு அங்கேதான் எலும்பை ஒட்டிச் சுற்றி இறங்குகிறது. படித்திருந்தேன், அவசரத்தில் மறந்தேன். முழங்கைக்கான கிளை மேலேயே பிரிந்துவிடுவதால் உங்களுக்கு முழங்கை நீண்டது. மணிக்கட்டு மட்டும் தொங்கிவிட்டது. மில்லில் அறுந்த நூலிழையை எடுத்து ஒட்டும் கை அது.

மறுநாள் டாக்டர் கேட்டார்: "ஊசி போட்டப்ப சுரீர்னு இழுத்துச்சா, இல்ல கை மேல தலைய வச்சுத் தூங்கினீரா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "பெஞ்சில அப்படியே அசந்துட்டேன் டாக்டர்."

அந்தப் பொய்யில் என் வேலை தப்பியது. நீங்கள் மாதக்கணக்கில் மணிக்கட்டில் பலகை கட்டிக்கொண்டு மில்லில் கூட்டிப் பெருக்கினீர்கள். கை பைய நிமிர்ந்தது. விரலில் பழைய வேகம் வரவேயில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டுவீர்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். வெட்கங்கெட்டவள்.

இத்தனை வருஷமாக, ஊசி போட வேண்டிய தோளைப் பார்க்காமல் யாருக்கும் நான் குத்துவதில்லை. "சட்டையைக் கழற்றுங்க" என்று சொல்லிச் சொல்லி வாயும் ஓய்ந்துவிட்டது. இன்று வந்தவரும், "ஒரு ஊசிக்கு இவ்வளவு பாடா?" என்று சலித்துக்கொண்டார்.

"முந்தி ஒரு அண்ணாச்சி கையை நான் கெடுத்துட்டேன்" என்றேன். முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னேன், அதுவும் யாரோ ஒருவரிடம்.

அவர் பித்தானைக் கழற்றினார்.