இசாலே இலையோடு வந்தவன்

ஒடிலியாவின் அப்பாவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்களை வந்து சேரட்டும்.

நேற்று உங்கள் தம்பி பிராஸ்பர் உங்களிடம் பேசியதிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. சுரங்கத்திலிருந்து பஸ் ஏறிவிட்டீர்கள் என்று அங்கே உங்களோடு தங்கியிருப்பவர் சொன்னார். அதனால்தான் மடத்து சிஸ்டர் ரெஸ்டிடூட்டாவை இந்தக் கடிதத்தோடு மோஷி பஸ் நிலையத்துக்கு அனுப்புகிறேன். மலைக்கு வண்டி ஏறும் முன் இதை முழுவதும் படியுங்கள்.

பிராஸ்பர் சொன்னது உண்மை. மெல்கியோர் வந்திருக்கிறான். நம் பிள்ளை ஒடிலியாவை மோட்டார் சைக்கிளால் அடித்துக் கொன்றுவிட்டு, நின்றுகூடப் பார்க்காமல் கென்யாவுக்கு ஓடினவன்தான். நேற்று சிலுவைப் பாதை முடிந்து வந்தேன். வாழைத் தோப்பின் ஓரத்தில், முடிச்சிட்ட இசாலே இலையை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றான். அந்த இலையோடு மன்னிப்புக் கேட்டு வந்தவனை நம் ஜனங்கள் விரட்டியதில்லை.

நான் வாங்கிக்கொள்ளவில்லை. கை நீளவில்லை. அதற்குள் பிராஸ்பர் வெட்டுக்கத்தியோடு ஓடிவந்துவிட்டான். முதல் வெட்டு தோளில் விழுந்தது. நான் மெல்கியோரை வீட்டுக்குள்ளே இழுத்துப் போட்டு வாசலில் நின்றேன்.

"தள்ளுங்க அண்ணி. இலை உங்களுக்குக் கொண்டாந்தது, எனக்கில்ல" என்றான் பிராஸ்பர்.

கத்தியை வெளியே வைத்துவிட்டு வந்தால் கஞ்சி தருகிறேன் என்றேன். "அவனுக்கும் கஞ்சி ஊத்துவீங்களா? உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சு" என்று துப்பிவிட்டுப் போனான். போனவன் தூரம் போகவில்லை. காப்பிச் செடிகளுக்கு நடுவே நாலைந்து பேரோடு உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் வந்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். போலீஸை அழைத்துவரப் போன பங்குத் தந்தையையும் இன்னும் காணோம். போலீஸ் நிலையத்துக்குப் போகும் மேல் பாலத்தை மழை கொண்டுபோய்விட்டதாம், சுற்றித்தான் வரவேண்டும்.

நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். சாம்பல் புதனன்று, உங்களுக்கு எது மிகவும் இனிக்கிறதோ அதை இந்தத் தவக்காலத்தில் விடுங்கள் என்றார் பங்குத் தந்தை. இறைச்சியா, வாழைப்பழ பீரா என்று பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இனித்தது ஒன்றுதான். களை வெட்டும்போதெல்லாம் மெல்கியோர் சாவதை நினைத்துப் பார்ப்பேன். அதை விடுவதாகச் சொல்லிக்கொண்டேன். விட முடியவில்லை. விட்டேன், பிடித்தேன், மறுபடி விட்டேன். அந்த நிலையில்தான் அவனே வந்து நின்றான்.

இன்றும் அவன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. காயத்தைக் கழுவும்போது வேண்டுமென்றே அழுத்தினேன். அவன் கத்தவில்லை. பிறகு மெதுவாகக் கட்டினேன். ஒடிலியாவின் கட்டிலில்தான் கிடக்கிறான். இதை மற்றவர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

பசு ஈன்றிருக்கிறது, கிடாரிக் கன்று. காப்பி பூத்திருக்கிறது.

உங்கள் பையில் என்ன இருந்தாலும் அதை சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் திறந்து பார்க்க மாட்டார். ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், உங்களையும் சிறைக்குக் கொடுக்க என்னால் ஆகாது. உங்கள் கைகளை ஆண்டவர் காக்கட்டும்.

யூஸ்டா

---

யூஸ்டாவுக்கு,

சிஸ்டரிடம் பையைக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் மேலே வரமாட்டேன். என் கையை நானே நம்பவில்லை. போலீஸ் அவனைக் கூட்டிப்போகும் வரை மோஷியில், கோயில் பக்கத்திலேயே இருக்கிறேன்.

பிராஸ்பரிடம் இதைப் படித்துக் காட்டு: அண்ணன் சொல்கிறேன், அவனைத் தொடாதே, வீட்டுக்குப் போ. கேட்காவிட்டால் எனக்குப் போன் செய்யச் சொல். போனைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இலையை வாங்குவேனா என்று இப்போது கேட்காதே.

அவனை ஒடிலியாவின் கட்டிலிலிருந்து எழுப்பு. என் கட்டிலில் படுக்க வை. இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கதவைத் தாழிட்டுக்கொள். கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

வில்பிராட்