பந்து காலில் இல்லாத நேரத்துக்கு மதிப்பெண் கோரி

அனுப்புநர்
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
மாடி வீடு, விளையாட்டுத் திடலின் பின்தெரு.

பெறுநர்
விளையாட்டு அலுவலர் அவர்கள்,
நகராட்சி விளையாட்டுப் பிரிவு.

பொருள்: மகளிர் கால்பந்துப் பயிற்சியாளர் பணி – தகுதி மதிப்பெண்ணில் நடுக்கள ஆட்டம் கணக்கில் வராதது – இறுதிப் பட்டியலுக்கு முன் மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். என் மருமகளின் விண்ணப்பம் ஏன் பின்னுக்குப் போனது என்று கேட்டபோது, தங்கள் உதவியாளர் கோப்பைப் பார்த்துவிட்டு என்னையே திருப்பிக் கேட்டார்: "பதினோரு வருஷத்துல நாலு கோல்தாம்மா. மத்த நேரமெல்லாம் என்ன பண்ணிட்டிருந்தாங்க?" அவர் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வகுப்பில் ஒரு மாணவர் இப்படிக் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றதால் அங்கே விளக்க முடியவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலே இம்மனு.

1. என் மருமகள் முதல் நிலை மகளிர் லீக்கில் இரண்டு கிளப்புகளுக்கு நடுக்கள ஆட்டக்காரராக ஆடியவர். இரண்டாவது கிளப்பின் அணித்தலைவராகவும் இருந்தவர். சென்ற பருவத்துடன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். வயது வரம்பின்படி இந்தப் பணிக்கு அவர் விண்ணப்பிக்க இதுவே கடைசி முறை.

2. தங்கள் மதிப்பெண் முறையில் கோல்கீப்பருக்குத் தனிக் கட்டம் உண்டு. மற்ற அனைவருக்கும் ஒரே கட்டம்தான்: போட்ட கோல்கள். நேர்காணலில் எத்தனை கோல் என்று கேட்டதற்கு என் மருமகள், "நாலு சார். எங்க கோலுக்குள்ளயே அடிச்சதையும் சேர்த்தா அஞ்சு" என்று சொன்னாராம். குழுவினர் நன்றாகச் சிரித்தார்களாம். சிரித்து முடித்ததும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

3. ஓர் எடுத்துக்காட்டு சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நாற்சந்தியில் ஒரு போக்குவரத்துக் காவலர் நாள் முழுக்க நிற்கிறார். மாலையில் அவரிடம் போய், "இன்று எத்தனை வண்டி ஓட்டினீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. அவர் ஒரு வண்டியும் ஓட்டவில்லை. ஆனால் அவர் தேநீர் குடிக்கப் போன கால் மணி நேரத்தில் அந்தச் சந்தி என்ன பாடுபடும் என்பது தங்களுக்குத் தெரியும்.

4. என் மருமகள் முதலில் ஓரத்தில் ஓடி ஆடுபவராகத்தான் கிளப்பில் சேர்ந்தார். அங்கிருந்த பயிற்சியாளருக்கு ஒரு வழக்கம். பயிற்சிக்கு நடுவே திடீரென்று விசில் ஊதுவார். எல்லோரும் நின்ற இடத்தில் கண்ணை மூட வேண்டும். பிறகு ஒருத்தியைச் சுட்டி, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பார். மற்றவர்கள் இரண்டு மூன்று பேரைச் சொல்வார்கள். என் மருமகள் இரு அணியிலும் நின்ற எல்லோரையும் சொன்னார். கோட்டுக்கு வெளியே பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தவரையும் சொன்னார். மறுநாளே அவரை நடுக்களத்துக்கு மாற்றிவிட்டார்கள். பந்து வருவதற்கு முன்பே இரு தோளுக்கு மேலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் அணியில் அவருக்கு 'கழுத்து' என்று பெயர். "கழுத்து கிட்ட குடுடீ" என்று கத்துவதைக் கேட்டு முதலில் நான் சற்று முகம் சுளித்தது உண்மை.

5. ஒரு பருவத்தின் அரையிறுதியில் அவருக்குக் கணுக்கால் தசைநார் கிழிந்து, தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். அதுவரை இரண்டு கோல் முன்னணியில் இருந்த அணி, அதன்பின் மூன்று கோல் வாங்கித் தோற்றது. தோல்விக்குக் கோல்கீப்பரைக் குறை சொன்னார்கள். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்ததை யாரும் சொல்லவில்லை. என் மருமகள் ஓராண்டு சிகிச்சையும் பயிற்சியும் முடித்து அதே இடத்துக்குத் திரும்பி, மேலும் நான்கு பருவம் ஆடினார்.

6. தற்காலிகப் பட்டியலில் முதலில் இருப்பவர் அதே அணியின் முன்கள ஆட்டக்காரர். நல்ல பெண், எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர். அவர்மீது இம்மனுவில் எந்தப் புகாரும் இல்லை. பட்டியலைப் பார்த்ததும் அவரே வந்து என்னிடம் சொன்னது இது: "ஆன்ட்டி, நான் முன்னாடி ஓடுவேன், பந்து வந்துடும். எப்படி வருதுன்னு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. புள்ளைங்க கேட்டா, கழுத்தப் போய்க் கேளுங்கடீன்னுதான் சொல்லணும்." இதைத் தங்களிடம் நேரில் சொல்லவும் அவர் தயாராக இருக்கிறார்.

7. வீட்டிலும் என் மருமகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அடுப்பிலிருந்து குக்கரை இறக்கும் முன் இரு பக்கமும் ஒரு பார்வை பார்ப்பார். "இங்க யாரு உன்கிட்ட பந்து பிடுங்க வர்றா?" என்று என் மகன் கிண்டல் செய்வான். "நீதான் குறுக்க வருவே" என்பார். நேர்காணல் முடிந்து வந்த அன்று பூட்ஸைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பரணில் வைத்துவிட்டார். அதன்பின் குக்கரை நேராக இறக்குகிறார், திரும்பிப் பார்ப்பதில்லை. என் மகனும் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான்.

ஆகவே ஐயா, பணியை என் மருமகளுக்கே தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இறுதிப் பட்டியல் வெளியாவதற்கு முன் விண்ணப்பதாரர்கள் அனைவரையும் திடலுக்கு அழைத்து, மாணவிகளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி தரச் செய்து, அதற்கும் மதிப்பெண் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் முன்கள ஆட்டக்காரரே முதலாவதாக வந்தால் நானே அவருக்குக் கை தட்டுவேன். இம்மனு என் மருமகளுக்குத் தெரியாது. பதிலை என் பெயருக்கே அனுப்பினால் நன்று. அழைப்பை மட்டும் அவர் பெயருக்கு அனுப்புங்கள்.

தங்கள் அறைச் சன்னலிலிருந்து திடல் நன்றாகத் தெரிகிறது. இன்று மாலை அங்கே யார் ஆடினாலும், நடுவில் நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்காமல் பத்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள்.

இடம்: திடலின் பின்தெரு
நாள்: 14, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் மாமியார்