செண்டுப்பூ விதை யாருடையது?

என் கண்ணான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. மேட்டுக்கொல்லையில் செண்டுப்பூ நன்றாகப் பூத்திருக்கிறது. நல்ல ரத்தச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் கரை. நல்ல செடியாகப் பார்த்துப் பத்துக்கு நூல் கட்டியிருக்கிறேன். அவற்றில் ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. செடியிலேயே காய்ந்தால்தானே விதை?

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

குத்தகைக்காரர் பெயரை ஏட்டில் பதிய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டதும் மனுக் கொடுத்தீர்கள். விசாரணைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். கொல்லையின் குத்தகையை என் பெயரில் பதியச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நிலத்துக்காரரான பெரிய வீட்டு ஐயாவின் காரியக்காரருக்கு என்மேல் திடீர்ப் பாசம். ஒருநாள் காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"ஐயா டவுன்லேருந்து வரவழைச்ச விதை. பந்து பந்தாப் பூக்கும். சும்மா வச்சுக்க."

"சும்மா எதுக்குங்க தர்றீங்க?"

"ஒத்தையா நிக்கிறியேன்னு ஒரு இரக்கம்தான்."

இரக்கமாவது, மண்ணாவது! பக்கத்து வயல் முத்தையன் இப்படித்தான் பெரிய வீட்டில் விதைநெல் வாங்கி மாட்டிக்கொண்டார். விதை எங்களுடையது, அவன் கூலிக்காரன், குத்தகைக்காரன் இல்லை என்று சொல்லி வெளியேற்றிவிட்டார்கள். நான் பொட்டலத்தைத் தொடவே இல்லை. அவர் போன பிறகு, வேலியோரம் தூவிவிட்டுப் போனாரோ என்று குனிந்து குனிந்து பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால், "உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்டி" என்று சிரித்திருப்பீர்கள்.

போன வாரம் கீழ்வேளூரில் விசாரணை. அதிகாரி பெரிய வீட்டில் காபி குடித்துவிட்டு வந்திருப்பாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரியக்காரர் ஒரு பழைய சீட்டை நீட்டினார். செண்டுப்பூ விதை பெற்றுக்கொண்டேன் என்று ஒரே வரி. கீழே கையெழுத்து. ஆற்றங்கரை உடைந்து நம் விதைப்பானை நனைந்து அழுகிய வருஷத்துச் சீட்டு அது. சந்தையில் வாங்கினேன் என்று அப்போது என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தீர்களே, அந்த விதைதான்.

"இது உன் புருஷன் கையெழுத்தாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். கடைசி எழுத்தின் வாலை அப்படி இழுக்க உங்களைத் தவிர யாரால் முடியும்?

"அவருதுதாங்க. அந்த ஒரு வருஷம் வாங்கியிருக்காரு. ஆனா அது கண்டபடி கலந்து பூத்துச்சு. அஞ்சு வருஷமா மஞ்சக்கரை போட்ட செவப்ப மட்டும் பொறுக்கி, காயவச்சு, பதர் போக்கி விதை எடுத்தது நானுங்க. பெரிய வீட்டுத் தோட்டத்துல இந்தப் பூ ஒண்ணே ஒண்ணு இருந்தா காட்டச் சொல்லுங்க, இப்பவே கொல்லைய விட்டுட்டுப் போயிடுறேன்."

"இருக்காய்யா?" என்று அதிகாரி கேட்டார். காரியக்காரர் மேல்துண்டை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

நேற்று உத்தரவு வந்தது. கொல்லை என் பெயரில் பதிவாகிவிட்டது. நானே படித்தேன். நம்பாமல் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்தும் படிக்கச் சொன்னேன். இருவரும் அதையேதான் படித்தார்கள்.

சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஊரையே சந்தேகப்பட்டேன், உங்களை மட்டும் விட்டுவைத்திருந்தேன். ஏங்க மறைத்தீர்கள்? சண்டை போடுவேன் என்றா? போட்டிருப்பேன்தான். அதற்குப் பயந்து நிலத்தையே பறிகொடுக்கப் பார்ப்பதா? வேறு எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள்? காரியக்காரரிடம் இன்னும் எத்தனை சீட்டு இருக்கிறது?

மூலையில் நீங்கள் காகிதமெல்லாம் போட்டு வைக்கும் தகரப்பெட்டி இருக்கிறது. சாவி என் இடுப்பில்தான். திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு தரம் பூட்டில் சாவியைப் போட்டுவிட்டு, உங்களைச் சோதனை போட மனசு வராமல் எடுத்துவிட்டேன். இந்த வருஷத்து விதைப்பானையை அந்தப் பெட்டிமேல் வைக்கப் போகிறேன். விதைக்கும்போது பானையை இறக்குவேன். பெட்டியைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள்மேல் கோபம் தீராத, உங்கள் மனைவி
அஞ்சம்மாள்